எழுவான் பக்கத்து மோட்டர்

"…அந்த மனிசன் சொல்லக்குள்ள இந்த வான் எந்தப் பக்கம் பாத்து நிண்டது எண்டுதான் கேட்டன். அதுக்கேன் தம்பி என்னில பாய்றீங்க?"

போன வருடம் சித்திரை வெயிலில், கல்லடியில் ஓர் ஒழுங்கையில், கழற்றிப் போட்ட வான் சாமான்களுக்கு நடுவில் முழங்காலில் நின்ற என்னைப் பார்த்து ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. நான் பாய்ந்தது உண்மைதான். அந்த நேரத்தில் யார் வாய் திறந்திருந்தாலும் பாய்ந்திருப்பேன். அந்தளவுக்கு அன்று காலை என்னை அந்த வான் படுத்தி எடுத்திருந்தது.

நான் வான் வைத்து ஹயர் ஓடுகிறவன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வான் அது. வாங்கும்போது ஏசி குளிருதா, டயர் தேய்ந்திருக்கா என்று பார்த்தேனே தவிர, நடுச் சீற்றின் கைப்பிடியில் ஒரு பட்டன் இருந்ததைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து அமத்திப் பார்த்தால், அந்தச் சீற் தன்பாட்டில் கதவுப் பக்கம் திரும்பி, மெல்ல வெளியே வந்து, நிலத்துக்கு இரண்டு சாண் உயரத்தில் இறங்கி நின்றது. நடக்க ஏலாத ஆட்களுக்கென்றே செய்த சீற். அன்று பின்னேரம் முழுக்க அயலில் உள்ள நன்றாக நடக்கிற ஆட்களெல்லாம் வரிசையில் நின்று அதில் ஏறி இறங்கினார்கள்.

அந்தச் சீற்றால்தான் இந்த அக்கா எனக்குப் பழக்கமானார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். சீனி வருத்தத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் பாலம் கடந்து ரவுணில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேணும். முன்பு ஓட்டோவில்தான் போய் வந்திருக்கிறார். ஏற்ற ஒருவர், இறக்க இருவர். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், தூக்கினவர்களின் கை நழுவிச் சேலை விலக விழுந்திருக்கிறார். அதோடு வீட்டுக்கு வந்து, "இனி என்னை நெல்லு மூட்டை மாதிரித் தூக்கிறதெண்டா நான் போகமாட்டன்" என்று சொல்லி, இரண்டு முறை போகாமலே இருந்துவிட்டார். மூன்றாம் முறை வருவதற்குள் மூச்சு எடுக்க ஏலாமல் போய், அவருடைய தங்கச்சி அழுதுகொண்டு என் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அக்கா என் வானில்தான். பட்டனை அமத்தினால் சீற் போய் அவரைக் கூட்டி வரும். யாரும் தொடத் தேவையில்லை.

ஆகவே அந்தச் சீற் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நல்லாகத் தெரியும்.

அது நிற்கப் போகிறது என்பதற்கு முன்கூட்டியே அறிகுறியும் இருந்தது. பங்குனியில் ஒரு நாள் உள்ளே ஏதோ கரகரத்தது. வாழைச்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் எலக்ரீசியன் இருக்கிறார். துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டுகளுக்கு வயரிங் செய்கிறவர். என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவர். மட்டக்களப்பில் வானுக்கு எலக்ரீசியன் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். "இந்தச் சீற்றா? இதுல நாங்க கை வெக்கிறல்ல" என்று அவர்களில் மூன்று பேர் சொன்ன பிறகுதான் நான் வாழைச்சேனைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் முற்றத்தில் வைத்து வானை ஒரு நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டினார். அந்த வானுக்குள் மொத்தம் எத்தனை மோட்டர் ஒளிந்திருக்கிறது தெரியுமா? கண்ணாடி ஏற்றி இறக்க, கதவை இழுக்க, கதவைப் பூட்ட, சீற்றைத் தள்ள, திருப்ப, இறக்க, சாய்க்க என்று எண்ணிக்கொண்டே போனவர், "தம்பி, இது வான் இல்ல, மோட்டர்க் கடை" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் வாயில் வருகிற நல்ல பேச்சை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத்தை வானில் ஏறுகிற ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன். அன்றும் மோட்டர்க் கடைப் பேச்சை எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழேயே அவர் சொன்ன இடங்களையும் அவர் வாயில் வந்தபடியே எழுதினேன்: "சீற்ற வெளிய தள்ளுற மோட்டர் எழுவான் பக்கம், சீற்றுக்குக் கீழ. கறுப்பு மூடி. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்." அந்தக் கடைசி வசனம் பிடித்துப் போய் அதற்குக் கீழே கோடும் இழுத்தேன். கோடு இழுத்த இடம்தான் பிழை. அதற்கு மேலே இருந்ததைத்தான் நான் யோசித்திருக்க வேணும்.

அன்று அக்காவுக்கு ஒரு மணிக்கு மெசின் முறை. பத்தரைக்கே போய்விட்டேன். அவர் சேலை உடுத்து, தையல் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு, படலையடியில் சில்லுக் கதிரையில் தயாராக இருந்தார். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், அவர் போய்விட்டார். நான் கதவைத் திறந்து பட்டனை அமத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சீற் அசையவில்லை. வானுக்குள் பதிவுக் குரலாக இருக்கிற ஜப்பான்காரி மட்டும் இனிமையாக ஏதோ சொன்னாள்.

திரும்ப அமத்தினேன். திரும்பவும் 'டிக்'. திரும்பவும் அவள்.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார்.

"மன்னிப்புக் கேக்கிறாள் போல" என்று மதிலுக்கு மேலால் ஒரு குரல். எதிர்வீட்டுக்காரர். பஸ்ஸில் கொண்டக்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அன்று வேறு வேலை இருக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

எனக்கு அப்போது பயமில்லை. கொப்பி இருக்கே. எடுத்துப் பார்த்தேன். எழுவான் பக்கம், சீற்றுக்குக் கீழ. எங்கள் ஊரில் இடது வலது என்று சொல்கிறவர்கள் குறைவு. சூரியன் எழுகிற கடல் பக்கம் எழுவான், படுகிற வாவிப் பக்கம் படுவான். வீட்டுக்கு வழி கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். வான் கதவு அன்று அக்கா வீட்டுப் படலையைப் பார்த்துத் திறந்து கிடந்தது. படலை கடல் பக்கம். ஆகவே கதவுப் பக்கம்தான் எழுவான். குனிந்து, கதவோரம் சீற்றுக்குக் கீழே இருந்த கறுப்பு மூடியைக் கழற்றினேன். உள்ளே நல்ல வடிவாக ஒரு மோட்டர்.

"கண்டாச்சு" என்றேன், மதில் பக்கம் கேட்கிற மாதிரி.

பற்றரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்து அந்த மோட்டருக்குக் கொடுத்தேன். சீற்றின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்து படுத்தது. அது சாய்க்கிற மோட்டர்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாட்டியும் படுக்கலாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். வயரை மாறிக் கொடுத்து முதுகை நிமிர்த்தினேன்.

வாழைச்சேனைக்குப் போன் எடுத்தேன். அவர் ஏதோ போட்டுக்குள் நிற்கிறார். காற்றிரைச்சல், எஞ்சின் இரைச்சல். "எழுவான் பக்கம்தான் தம்பி. என்ர கையால கிறீஸ் பூசினனே" என்றார். எழுவான் பக்கம்தான் திறந்திருக்கிறேன், அங்கே வேறு மோட்டர்தான் கிடக்கிறது என்றேன். "அப்ப இன்னும் உள்ளுக்குப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாது எண்டு சொன்னன்தானே" என்றார். லைன் அறுந்தது.

இன்னும் உள்ளுக்கு என்றால் சுவருக்குள்தானே? கதவுக்குப் பின்னால் இருக்கிற பக்கத் தட்டைக் கழற்றத் தொடங்கினேன். அந்த வானைச் செய்தவன் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருந்தால்! ஓர் ஆணி தெரிகிற மாதிரி வைக்கவில்லை. எல்லாம் ஒளித்து வைத்த கிளிப். திருப்புளியை நுழைத்து நெம்பினால் ஒன்று 'படக்' என்று உடைந்து ஒழுங்கை மணலில் விழுந்தது. இன்னொன்று உடைந்தது. வெயில் முதுகில் ஏறியது. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. எதிர்வீட்டுக்காரர் இப்போது படலையைத் திறந்துகொண்டே வெளியில் வந்து, போனில் ஏதோ வீடியோ போட்டு, "இஞ்ச பாருங்க, இதே வான்தான்" என்று என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். அதில் ஒரு ஜப்பான்காரன் சிரித்துக்கொண்டு வேறொரு வானின் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

தட்டு கழன்றது. உள்ளே ஒன்றில்லை, இரண்டு சாமான். ஒரு பெரிய மோட்டர், ஒரு சின்னது. இதில் ஒன்றாகத்தான் இருக்க வேணும் என்று இரண்டின் பிளக்கையும் பிடுங்கித் துடைத்துவிட்டுப் பூட்டப் போனால், ஒன்று பொருந்தவில்லை. நெரித்தேன். அதன் காது முறிந்தது. கதவை மூடிப் பார்த்தால், சறுக்குக் கதவு பாதி வழியில் செத்து நின்றது. நான் பிடுங்கினது கதவை இழுக்கிற மோட்டரையும், கதவைப் பூட்டுகிற சின்ன மோட்டரையும். கராஜ்காரர் அக்சுவேற்றர் என்று சொல்வது அந்தச் சின்னதைத்தான். ஆக, சீற்றும் வேலை செய்யாது, கதவும் மூடாது, பூட்டும் விழாது. பத்தரைக்கு ஒரு பழுதோடு வந்த வானை, பதினொன்றேமுக்காலுக்கு மூன்று பழுதாக்கி வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் தணிந்த குரலில், "ரெண்டு பேர் பிடிச்சா ஒரு நிமிச வேலை. அவவத் தூக்கி வெப்பமே" என்றார்.

அக்கா கேட்டுவிட்டார். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தார். "அப்பிடியெண்டா என்னை வீட்டுக்குள்ள தள்ளி விடுங்க. நான் இண்டைக்குப் போகல்ல" என்றார். சத்தம் போடவில்லை. அவருடைய மற்றக் கால் ஏற்கெனவே வீங்கிப் போய், பாதத்தில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. அன்றைக்குத் தவறினால் அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு நாள்.

எனக்கு வந்த கோபத்தை யாரிலாவது கொட்ட வேண்டியிருந்தது. திரும்ப வாழைச்சேனைக்குப் போன் எடுத்தேன். அவர் ஓம் என்று சொல்வதற்குள் தொடங்கிவிட்டேன். "எழுவான் பக்கம் எண்டு சொல்லி என்ர வானையே நாசமாக்கிப் போட்டீங்க. போட்டுக்கு பல்ப் மாத்திற ஆளுக்கு வானைப் பத்தி என்ன தெரியும்? உங்களக் கூப்பிட்ட என்னைச் சொல்லணும்." இன்னும் சொன்னேன். எழுத ஏலாது. எஞ்சின் இரைச்சலுக்குள், "சரிகா" என்று ஊர்ப் பேச்சில் ஒரு சரி. வைத்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா கேட்டார், எலக்ரீசியன் சொல்லும்போது வான் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று. "இப்ப அது ஒண்டுதான் குறை" என்று நான் பாய்ந்தேன். அதற்குத்தான் அந்த, "அதுக்கேன் தம்பி என்னில பாய்றீங்க?"

என் முற்றத்தில் வான் எப்படி நின்றது? மா மரத்து நிழலுக்காக வடக்கே பார்த்து நிறுத்தியிருந்தேன். இங்கே?

இங்கே தெற்கே பார்த்து நின்றது.

அக்கா விளங்கப்படுத்தினார். "சட்டையைத் தைக்கக்குள்ள நாங்க கிழக்குக் கை, மேற்குக் கை எண்டு அளவு எழுதுறல்ல. எழுதினா, போட்டவர் திரும்பி நிண்டதும் கை மாறிப் போகும். போடுற ஆளின்ட சோத்துக்கை எது, மற்றக் கை எது, அதுதான் கணக்கு. உங்கட வானுக்குச் சோத்துக்கை எது எண்டு அவரும் சொல்லல்ல, நீங்களும் கேக்கல்ல."

எதிர்வீட்டுக்காரர் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? வானைக் கிறுக்கி நிப்பாட்டுங்க. மறுகா அந்தக் கொப்பியைப் பாருங்க" என்றார் அக்கா. எங்கள் ஊரில் கிறுக்குவது என்றால் திருப்புவது. வேறு ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியும். அன்று எனக்கு இரண்டும் பொருத்தம்தான்.

வானைத் திருப்பாமலே மற்றப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் அன்று என் தலைக்குள் எழுவானும் படுவானும் சோத்துக்கையும் கலந்து ஒரே கூழ். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. செத்த கதவை அக்கா தந்த துணிக் கீலத்தால் கட்டி, ஒழுங்கை முனை வரை போய், வானைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். இப்போது வானின் மூக்கு வடக்கே. கொப்பியை விரித்தேன். எழுவான் பக்கம். கதவுக்கு எதிர்ப் பக்கம், சீற்றின் வலப் பக்கம். அங்கே மூடி தெரியாததற்குக் காரணம், பக்கத்துச் சீற் அதை அணைத்துக்கொண்டு நின்றது. நாலு பெரிய ஆணி கழற்றி, எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க அந்தச் சீற்றை நகர்த்தி, கையை உள்ளே விட்டேன்.

கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. புதுக் கிறீஸ்.

மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் போகிற பிளக் உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போய் இருந்தது, அவ்வளவுதான். அக்கா பையிலிருந்து ஒரு தடித்த ஊசி தந்தார். சுரண்டினேன். ஒரு பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷை பெற்றோலில் தோய்த்துத் தேய்த்தேன். பூட்டினேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. கீலத்தை அவிழ்த்துக் கதவைக் கையால் தள்ளித் திறந்தேன். பட்டனை அமத்தினேன். ஜப்பான்காரி ஏதோ சொன்னாள். சீற் திரும்பியது, வெளியே வந்தது, இறங்கியது. எதிர்வீட்டு மதில் பக்கமாகத்தான் இறங்கியது, வான் திரும்பி நின்றதால். எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய் அக்காவின் சில்லுக் கதிரையை வானைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா கைகளை ஊன்றித் தானே மாறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, "அமத்துங்க" என்றார்.

கதவைத் துணிக் கீலம் பிடித்துக்கொள்ள, பாலத்தில் காற்று உள்ளே அடிக்க, ஒரு மணிக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். தாதியிடம் ஏச்சு வாங்கியது நான்தான். சந்தோசமாக வாங்கினேன்.

அக்கா மெசினில் இருந்த நாலு மணித்தியாலத்தில் நான் மூன்று முறை போனைக் கையில் எடுத்து, மூன்று முறை சட்டைப் பைக்குள் வைத்தேன். நாலாவது முறை வாழைச்சேனைக்கு அடித்தேன். "அண்ணே, பிழை என்னில. நான் வானை மறு பக்கம் நிப்பாட்டி வெச்சுக்கொண்டு உங்களோட சண்டை பிடிச்சுப் போட்டன்" என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "எங்கட துறைமுகத்தில போட் கட்டினாக் கட்டினபடிதான் நிக்கும், தம்பி. வான் கிறுகும் எண்டு நானும் நினைக்கல்ல." அதை நான் கொப்பியில் எழுதினேன். பல்ப் மாத்திற ஆள் என்று நான் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, நான் உடைத்த கதவுப் பிளக்கையும் அவரே மாற்றிக் கொடுத்தார். அந்தப் பேச்சை இன்றுவரை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு, வீட்டில் மனைவியோடு என்றாலும் சரி, றோட்டில் யாரோ ஒருவரோடு என்றாலும் சரி, நான் சொல்வதுதான் சரி என்று குரல் உயரும்போதெல்லாம், இந்த ஆள் எந்தப் பக்கம் பார்த்து நின்று சொல்கிறார் என்று ஒரு தரம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். எப்போதும் கேட்பதாகச் சொன்னால் பொய். கேட்காத நாளில் ஏதாவது ஒரு கிளிப் உடைகிறது.

அன்று பின்னேரம் அக்காவை வீட்டுப் படலையடியில் கொண்டுவந்து நிறுத்திப் பட்டனை அமத்தப் போனேன். "பொறுங்க தம்பி" என்றார். பஞ்சு வைத்துக் கட்டிய இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பையைத் திறந்து, சிவப்பு நூல் கோர்த்த ஊசி ஒன்றை எடுத்தார். சீற் உறையில், தன் சோத்துக்கைப் பக்கம் தடவிப் பார்த்து, மோட்டர் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக இரண்டு தையல் போட்டு, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.